பூங்காவுக்கு ஒன்பது நிமிடம்

எங்கள் தெருச் சங்கம் என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு முறைதான். அறிவுக்காக இல்லை, மெதுவாக நடப்பதற்காக.

நகரில் எந்த வீட்டிலிருந்து பூங்காவுக்கு நடந்து போக முடியும் என்று மாநகராட்சிக்காக ஒரு வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அந்தத் தெருவுக்குப் பச்சை. முடியாவிட்டால் சிவப்பு. சிவப்புத் தெருவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் சும்மா கிடந்தால் அங்கே முதலில் பூங்கா வரும். எங்கள் லே-அவுட்டில் அப்படி ஓர் இடம் உண்டு. இப்போதைக்கு அதில் பனியன் கம்பெனி வேன்கள் நிற்கின்றன. வேன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கின்றன. ஆகவே சிவப்பு கிடைக்க வேண்டுமென்று தெருவே வேண்டிக்கொண்டிருந்தது.

எல்லோரையும் விட என் மனைவிக்குத்தான் அது வேண்டியிருந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து, தினமும் சமதரையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் தெருவில் சமதரை என்பது எங்கள் வீட்டு ஹால்தான். டி.வி.க்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

சங்கச் செயலாளர், பனியன் துணி வெட்டும் கட்டிங் யூனிட் வைத்திருப்பவர், வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்ண்ணா, அளக்கறதுக்கு ஒரு புள்ள வருதுங்க. கூட நடக்கறதுக்கு ஒங்கள உட்டா ஆளில்லீங்க."

"ஏன், வழி எனக்கு மட்டும்தான் தெரியுமா?"

"வழி ஊருக்கே தெரியுமுங்க. ஆனா நீங்க பேக்கரிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நாங்க ஒரு லோடே அனுப்பீர்றமுங்க."

உள்ளிருந்து சிரிப்புச் சத்தம். "நா வேணா போறனுங்க," என்றாள் மனைவி.

"இந்தக் காலை வெச்சுட்டா? நீ உட்காரு," என்றேன். தியாகம் செய்யும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி அமைவதில்லை.

அளக்க வந்த பெண் கல்லூரியை இப்போதுதான் முடித்தவள். கையில் போன், பேச்சில் திருநெல்வேலி. தெருமுனையில் நேரத்தை ஓடவிட்டுச் சொன்னாள்: "பைய வாங்க அங்கிள். ஒங்க வயசுக்கு இது பெரிய தூரம்லா."

உங்கள் வயசுக்கு! நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் எப்போதும் போல் இருப்பது மட்டுமே. ஐம்பத்து நாலு வருடப் பயிற்சி கைவசம் இருந்தது. ஆனால் வயிறு தானாக உள்ளே போனது. கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன. டீக்கடை முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சாக்கடை மேல் போட்டிருந்த பலகையில் நான் நடக்கக்கூட இல்லை, ஒரே தாவு. பூங்கா கேட்டைத் தொட்டுத் திரும்பினால், அந்தப் பெண் பத்தடி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாள்.

"ஒம்பது நிமிசம் அங்கிள்! சூப்பர்!"

தெரு பச்சையாகிவிட்டது.

சாயங்காலம் செயலாளர் வந்தார். "ஏனுங்ண்ணா, இத்தன வேகத்த இத்தன நாளா எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

மனைவி அதைக் கேட்டுக்கொண்டே ஹாலில் நடந்தாள். ஃப்ரிட்ஜ் வரை போய்த் திரும்பினாள். டி.வி. வரை போய்த் திரும்பினாள். திட்டியிருந்தால் ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, முழங்கால் ஆபரேஷன் ஆன என் மனைவியை நடக்கவைத்து இன்னொரு முறை அளக்க முடியுமா என்று கேட்டேன்.

"மொதல்லயே சொல்லப்பிடாதா அங்கிள்? முடியாதவங்க எவ்வளவு நேரத்துல போறாங்கன்னுதான எங்களுக்கு வேணும். நீங்க நல்லா திடமால்லா இருக்கீங்க."

இப்படி ஒரு பாராட்டு வாங்கி நான் இவ்வளவு வருத்தப்பட்டதே இல்லை.

மூவருமாகக் கிளம்பினோம். எனக்குக் குடை பிடிக்கும் வேலை. முன்னால் போகக் கூடாது என்று உத்தரவு. ஒரு கம்பெனி வாசலில் கிடந்த கழிவுத்துணி மூட்டை மேல் உட்கார்ந்து மனைவி காலை நீட்டிக்கொண்டாள். பிறகு சாக்கடை வந்தது. அந்தப் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

கேட்டுக்கு வந்தபோது இருபத்தாறு நிமிடம். அந்தப் பெண் போனில் எங்கள் தெருவைச் சிவப்பாக்கிவிட்டுக் கேட்டாள்: "உள்ள போய் நடக்கீங்களா ஆண்ட்டி?"

"எதுக்கு கண்ணு? இன்னைக்கு நடக்க வேண்டியதெல்லாம் இங்க வந்து சேர்றதுக்கே தீந்து போச்சு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க வேணும்னா உள்ள நாலு ரவுண்டு ஓடீட்டு வாங்க. நா ஆட்டோல ஊட்டுக்குப் போறனுங்க."