ஓரம் கட்டிய கேள்வி

நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடுவது வைத்திலிங்கத்தின் வேலை. தபால் வழியில் பி.காம். முடித்தவன். முப்பதைத் தாண்டிவிட்ட வயது. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் டிராக்டர் ஓடிக்கொண்டே இருக்கும். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுப் புத்தகத்தைத் திறப்பான். திறந்த பக்கத்திலேயே தலை சாயும்.

இரண்டு வருடம் எழுதி, இரண்டு வருடமும் சீட்டு கிடைக்கவில்லை. இந்த 2009-ஆம் வருடமும் இல்லையென்றால் புத்தகத்தைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவதாக மனைவி சந்திரலேகாவிடம் சொல்லியிருந்தான். புழுதியிலும் புகையிலும் இருமிக்கொண்டே அந்த எடைமேடையில் கிழவனாக அவனுக்கு மனமில்லை. ஆபீசுக்குள் ஒரு நாற்காலி வேண்டும், அதற்கு அந்தப் படிப்பு வேண்டும். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

கணக்கு வராமல் அவன் தோற்கவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. சந்திரலேகாவின் தம்பி எழிலனுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பயிற்சி மையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரித் தாளோடு வருவான். செல்போனில் நேரம் வைத்துவிட்டு எதிரில் உட்காருவான்.

"என்ன மாமா, இன்னும் அதே கேள்வியிலயே குந்தினு இருக்கீங்க?"

"வரல மச்சான். கொஞ்சம் இரு, வந்துடும்."

"வரலன்னா உடுங்க, அடுத்ததுக்குப் போங்க. இது என்ன மாமியார் வீட்டு விருந்தா, இலைய காலி பண்ணாத்தான் எழுந்திருக்கணும்னு?"

"டேய், நம்ம அம்மா போட்ட சோத்த ஏன்டா இழுக்குற?" என்றாள் அடுப்படியிலிருந்து சந்திரலேகா. "அவரே அசந்து போயி வந்திருக்காரு."

எழிலன் சொன்னது வைத்திலிங்கத்துக்குப் புரியாமல் இல்லை. ஆனால் விட முடியவில்லை. ஆலை வாசலில் வண்டிகள் டோக்கன் வரிசைப்படி நிற்கும். வெயிலில் நிற்க நிற்கக் கரும்பு காயும். காய்ந்தால் எடை குறையும், குறைந்தால் விவசாயி வயிற்றில் அடி. ஆகவே முன்னால் நிற்கும் வண்டியை ஏற்றி இறக்காமல் அடுத்த வண்டியை அவன் கூப்பிட்டதே கிடையாது. அந்தப் பழக்கம் கையில் ஏறி, புத்தியிலும் ஏறிவிட்டது. கேள்வித்தாளும் அவனுக்கு வண்டி வரிசைதான். முன்னால் நிற்பதைத் தாண்டிப் பின்னால் நிற்பதைக் கூப்பிட்டால் பாவம் என்று பட்டது. இரண்டு பரீட்சையிலும் பாதித் தாளில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம் ஆலையில் ஒரு ரகளை. எடைமேடைக்கு ஏறும் இடத்தில் சிங்காரம் என்ற விவசாயியின் மாட்டு வண்டி அச்சு முறிந்து சாய்ந்துவிட்டது. பின்னால் டிராக்டர்கள் ஹாரன் அடித்தன.

"அவரு டோக்கன். அவரு ஏறினாத்தான் அடுத்தது" என்று வைத்திலிங்கம் நின்றான்.

"யோவ் கிளார்க்கு, அந்தாளு புது வண்டி செஞ்சி எடுத்துனு வர்ற வரைக்கும் நாங்க கரும்ப மென்னுனு நிக்கிறதா?" என்று ஒரு குரல் வந்தது.

சிங்காரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். "சார், என் முறைய நீங்க காப்பாத்துறீங்க, சந்தோசம். ஆனா திட்டு பூரா எனக்குத்தான் உழுவுது. என்னை ஓரமா தள்ளி உடுங்க. வண்டி ஒடைஞ்சா டோக்கனுமா ஒடைஞ்சிடும்? அச்சு மாத்தினதும் ஏத்திக்குங்க."

நாலைந்து பேர் சேர்ந்து வண்டியை வேப்பமரத்தடிக்குத் தள்ளினார்கள். அதன் முறை பாக்கியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிவதற்காக, நுகத்தடியில் சாக்பீசால் ஒரு கோடு இழுத்தான் வைத்திலிங்கம். சாயங்காலம் சிங்காரத்தின் வண்டி மேடையேறியது. யாரும் சண்டைக்கு வரவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுகூட அவன் நினைக்கவில்லை. நினைக்கத் தெம்பும் இல்லை.

தேர்வு சிதம்பரத்தில். லீவு கிடைக்காமல், ஷிப்டு முடிந்த கையோடு சந்திரலேகாவுடன் பஸ் ஏறினான். அவள் அவன் நெற்றியில் திருநீறு பூசி உள்ளே அனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தாளில் கொஞ்ச தூரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. இரண்டு குழாய் நிரப்புகிறது, ஒரு குழாய் காலி செய்கிறது. எப்படிப் போட்டாலும் விடை வரவில்லை. கண் எரிந்தது. பக்கத்து வரிசையில் தாள்கள் புரண்டன, கரும்புச் சோகை உரசுகிற அதே சத்தம். பின்னால் வண்டிகள் காத்துக்கொண்டிருக்கின்றன என்று அவனுக்குப் பட்டது.

பென்சிலை எடுத்து, கேள்வியின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தான். "உன் முறை உனக்கு உண்டு. அச்சு மாத்தினதும் வா" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டான். அதன்பின் இன்னும் சிலவற்றுக்கும் கோடு விழுந்தது. முதன்முறையாகக் கடைசிக் கேள்வியைக் கண்ணால் பார்த்தான். திரும்பி வந்து, கோடு போட்டதை ஒவ்வொன்றாக ஏற்றினான். தொட்டியைத் தொடும்போது மணி அடித்துவிட்டது.

கோபுர வாசலில் சந்திரலேகா நின்றிருந்தாள். "எல்லாம் எழுதியாச்சா?"

"கடைசி வரைக்கும் போயிட்டேன். ஒரு தண்ணித் தொட்டி மட்டும் ஓரமா நிக்குது."

"நிக்கட்டும். வாங்க, சாமி கும்புடலாம். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது."

நடராஜர் முன்னால் கை கூப்பினான். வேண்டிக்கொள்ள ஒன்றும் வாயில் வரவில்லை. கண்ணை மூடியவன் நின்றபடியே தூங்கிவிட்டான். ஓயாமல் ஆடுகிற சாமிக்கு ஒருத்தனுடைய களைப்பு தெரியாதா என்ன.

பின்னால் நின்றவர் முதுகைத் தொட்டார். "கொஞ்சம் நகுருங்க சார், வரிசை நிக்குது."

வைத்திலிங்கம் ஓரமாக ஒதுங்கி வழி விட்டான்.

அந்தப் பருவத்துக் கடைசி வண்டிகள் வந்துகொண்டிருந்தபோது எழிலன் போன் செய்தான். "மாமா, ரிசல்ட்டு வந்துடுச்சி. சாயங்கால வகுப்புல சீட்டு நிச்சயம். இனிமே ஷிப்டு முடிஞ்சி தெனம் கடலூருக்கு பஸ் ஏறணும், தெரியும்ல?"

தூக்கமில்லாத இன்னும் சில வருடங்கள் வைத்திலிங்கத்தின் கண்முன்னால் வரிசையாக நின்றன. "ஆண்டவன் புண்ணியம் மச்சான்" என்றான். "கொஞ்சம் இரு, மேடையில ஒரு வண்டி நிக்குது."

அதை இறக்கி அனுப்பிவிட்டுத்தான் மறுபடியும் போனைக் காதில் வைத்தான்.