மிதவை இருந்த இடம்

கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவளுக்குத் 'தீப்பொறி' என்று பட்டப்பெயர் வந்ததற்கு அவள் வாயும் ஒரு காரணம். அவள் புருஷன் இன்ஜின் பார்க்கும் சின்ன ரோந்துப் படகில் ஏவுகணைக் குழாய்களை ஏற்றினார்கள். எடை தாங்காது என்று, ஆபத்தில் ஆட்கள் ஏறித் தப்பும் மிதவையைத் தாங்கியோடு வெட்டி எடுக்கச் சொன்னார் மேஸ்திரி.

"படகு முழுகினா உள்ள இருக்கறவங்க கதி?"

"அதான் ஏவுகணை இருக்கே, அது காப்பாத்தும். வாயை மூடிட்டு வெட்டு."

அவள் வெட்டி எடுத்தாள்.

வெள்ளோட்டத்தன்று பெரிய அதிகாரி படகில் கால் வைக்குமுன் உயிர்காப்புச் சட்டை கேட்டார். மேஸ்திரி விழுந்தடித்து ஓடினார்.

கரையிலிருந்து தீப்பொறி கத்தினாள்: "அவருக்கு எதுக்குய்யா சட்டை? அதான் ஏவுகணை இருக்கே, கட்டிப் பிடிச்சுக்கச் சொல்லு!"