ப்ளைவுட் எருமை

மாயாண்டி அண்ணனின் விசாவில் தோட்டத் தொழிலாளி என்றுதான் இருந்தது. செய்த வேலை வேறு. அவருடைய அர்பாப், அதாவது அரபு முதலாளி, வருஷத்துக்கு ஒருமுறை ஆப்பிரிக்காவுக்குப் போய்க் காட்டெருமை வேட்டையாடுகிறவர். அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் பாலைவனப் பண்ணையில் சுட்டுப் பழகுவார். ப்ளைவுட்டில் எருமை வெட்டி, கறுப்பு பெயிண்ட் அடித்து, நெஞ்சில் வட்டம் போட்டு நட்டுவைப்பது அண்ணனின் டூட்டி. பக்கத்துப் பள்ளத்தில் பதுங்கியிருந்து, குண்டு பட்ட இடத்தை வயர்லெஸ்ஸில் சொல்வதும் அவர்தான். வட்டத்துக்குள் பட்டால் “தமாம்”, வயிற்றில் பட்டால் “பேட்”.

டூட்டி முடிந்ததும் முசஃபாவில் எங்கள் ரூமுக்கு வந்துவிடுவார்.

“அர்பாப் மணல்மேட்டுல ஓடி வந்து, மூச்சு வாங்க வாங்க நின்னு சுடுவாரு, முட்டி போட்டுச் சுடுவாரு. மேசையில துப்பாக்கிய வச்சா நான்கூட அடிச்சிருவேன் தம்பி. காட்டுல எவன் மேசை போட்டுக் குடுப்பான்?”

எட்டு வருஷம் அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அர்பாப் திட்டிக்கொண்டே திருத்திக்கொண்டார். அடிபட்டுத் தப்பி ஓடிய எருமை ஒன்றுகூட இல்லை என்பது அர்பாபுக்குப் பெருமை.

2006இல் அர்பாபுக்கு முழங்கால் வலி வந்தது. வாராவாரம் சுட்டவர் மாதம் ஒருமுறை வந்தார். குண்டுகள் எருமையின் வயிற்றுக்குப் போயின. மூன்று தடவை “பேட்” என்று கேட்டால் துப்பாக்கியை ஜீப்பில் எறிந்துவிட்டுப் போய்விடுவார். பண்ணையை மூடிவிடலாம் என்று மகன்கள் பேச ஆரம்பித்தார்கள். பண்ணை போனால் அண்ணனின் விசாவும் போகும். ஐம்பதை நெருங்கிய, இளைப்புக்காரரான அவருக்கு வேறு விசா யார் கொடுப்பார்கள்?

“நீ படிச்சவன், சொல்லுப்பா. உள்ளதைச் சொல்லவா, வேணாமா?”

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. இப்படி யாராவது கேட்டால் எனக்குப் பதில் தயாராக இருக்கும்.

“தமாம்னு சொல்லிட்டுப் போங்கண்ணே. சாகப்போறது எருமைதானே.”

ரூமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

அதன்பின் எல்லாக் குண்டும் தமாம். முழங்கால் வலியால் அர்பாப் பலகை வரைக்கும் நடந்து வருவதில்லை. அவர் போனதும் அண்ணன் துளைகளில் பட்டி அடைத்துக் கறுப்பு பூசிவிடுவார். கை இன்னும் விட்டுப்போகவில்லை என்று நம்பிய அர்பாப், மாதம் ஒருமுறை வருவதையும் குறைத்துக்கொண்டார். 2007 ஜூனில் ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் பத்துக் குண்டு சுட்டார். பத்தும் தமாம். அன்று பட்டி தீர்ந்துபோயிருந்தது. வர ஒரு மாதம் ஆகுமே என்று அண்ணன் பலகையை அப்படியே விட்டுவிட்டார்.

பத்தே நாளில் அர்பாப் திரும்பிவிட்டார். காரணத்தை அவருடைய டிரைவர் ஈசா சொன்னார். முதல் குண்டு எருமையின் வயிற்றில் பட்டிருக்கிறது. அது புதருக்குள் போய் நின்றுகொண்டது. ரத்தத் தடம் பார்த்து முன்னால் போன உள்ளூர் ஆளை முட்டிக் கொன்றுவிட்டது.

அர்பாப் நேராகப் பலகைக்கு நடந்து வந்தாராம். பத்தில் இரண்டு துளைகள்தான் வட்டத்துக்குள். வயிற்றிலிருந்த ஒரு துளையில் விரலை விட்டுப் பார்த்தாராம்.

“அந்த ஆளுக்கு மூணு பிள்ளைங்க” என்று இந்தியில் சொன்னாராம். பிறகு, “கலாஸ், மாயாண்டி. முடிஞ்சுபோச்சு.”

நான்கு நாளில் விசா கேன்சல். பெட்டி கட்டும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“முன்னால போனவனும் என்னைய மாதிரி டூட்டிக்காரன்தான தம்பி. அவன் பேரு என்னன்னு அர்பாப்கிட்ட கேக்க நெனச்சேன். வாய் வரல.”

படிச்சவன் சொல்லுப்பா என்று அவர் இந்த முறை கேட்கவில்லை.