ஃப்ளோரா அக்காவின் வாய்ப்பூட்டு

செய்தி வந்தபோது நான் வைட்ஃபீல்டு போகும் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். நம் சனிக்கிழமைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஃப்ளோரா அக்காவின் கணவர் சாம்சன் எழுதியிருந்தார்: "ஃப்ளோரா இன்று விடியற்காலை போய்விட்டாள். எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள்." அதற்குக் கீழே நம்மில் ஒருவர் அழுகிற முகம் போட நினைத்து, பக்கத்திலிருந்த சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டார். உடனே எடுத்தும்விட்டார், ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டோம். பெயரைச் சொல்ல மாட்டேன். அக்கா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "தப்பா அமுக்கினவன இன்னாத்துக்குத் திட்றீங்க? ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சான் பாரு, அவன திட்டுங்க" என்றிருப்பார். அதை நினைத்து ரயிலிலேயே சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்கா கோலார் தங்கவயலில் பிறந்தவர். அங்கிருந்து தினமும் காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் வந்து, இணையதளம் உருவாக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, பிறகு சாம்சனைக் கட்டிக்கொண்டு மர்பி டவுனில் குடியேறியவர். எனக்கும் அவருக்கும் அப்படியொன்றும் வயது வித்தியாசம் இல்லை. எல்லோரும் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். ஜோகுபாளையத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், வலைப்பக்கம் வடிவமைப்பவர்களும் அதற்கு நிரல் எழுதுபவர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை கூடிப் பேசும் கூட்டத்தை ஆரம்பித்தவர் அவர்தான். தமிழோ கன்னடமோ ஆங்கிலமோ, வாயில் எது வருகிறதோ அதில் பேசலாம். கட்டாயம் முட்டை பப்ஸ் உண்டு.

இந்த ஊரில் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் திரையில் படம் போட்டுத் தன் பெருமையைப் பேசுவார், மற்றவர்கள் கைதட்டிவிட்டு வேறு வேலை ஏதாவது காலியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவார்கள். அக்கா ஒரே ஒரு விதியைப் போட்டு இதைத் தலைகீழாக்கினார். பேசி முடித்தவர் தான் செய்த பக்கத்தை ஒரு போனில் திறந்து, அதை முன்பின் பார்க்காத ஒரு புது ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆள் அதைத் தடவித் தடவிப் பார்க்கும்போது, செய்தவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. கண்ணால்கூட ஜாடை காட்டக்கூடாது. இதற்கு அக்கா வைத்த பெயர் வாய்ப்பூட்டு.

ஒரு முறை பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர், தன் மேலாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ் டிக்கெட் எடுக்கும் பக்கம்; பார்க்க அவ்வளவு அழகு. போனை வாங்கிய பெண்ணுக்கு இருக்கையைத் தேர்ந்தெடுத்த பிறகு எங்கே போவதென்று தெரியவில்லை. மேலேயும் கீழேயும் தள்ளிக்கொண்டே இருந்தார். பக்கத்தைச் செய்தவரால் பொறுக்க முடியவில்லை. "கீழ வலது பக்கம் பாருங்க மேடம்" என்று ஆரம்பித்தார். அக்கா கையைத் தூக்கிவிட்டார்.

"ஏன் சார், அவங்க வீட்ல டிக்கெட் எடுக்கும்போதும் பக்கத்துல வந்து உக்காந்துக்குவீங்களா?"

மனிதர் முகம் சிவந்துபோய், பப்ஸ்கூட சாப்பிடாமல் போய்விட்டார். அடுத்த மாதம் மேலாளர் இல்லாமல் தனியாக வந்து, திருத்திய பக்கத்தை அதே பெண்ணிடம் நீட்டினார். அன்று அக்கா அவருக்கு இரண்டு பப்ஸ் கொடுத்தார்.

அக்காவைப் பொறுமையின் சிகரம் என்று எழுதினால் சாம்சனே வந்து என்னை உதைப்பார். அல்சூர் சிக்னலில் அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். குறுக்கே வரும் ஆட்டோக்காரரிடம் "ஏன்ரீ, கண்ணு காணல்வா?" என்று, கண் தெரியவில்லையா என்று கன்னடத்தில் ஆரம்பித்தால், விளக்கு பச்சையான பிறகும் சண்டை முடியாது. வரிசையில் நிற்கப் பிடிக்காது, படம் பார்த்தால் இடைவேளையிலேயே முடிவைக் கேட்பார். தடுமாறுகிற மனிதருக்கு மட்டும் அவரிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது.

அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் திக்குவாய். சிறு வயதிலிருந்தே என் வாக்கியங்களைப் பிறர்தான் முடித்துவைக்கிறார்கள். உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள், கோபப்படவும் முடியாது. காபி கேட்கப் போய் டீ குடித்துவிட்டு வந்த நாட்கள் உண்டு. அக்கா ஒரு நாளும் எனக்குச் சொல் எடுத்துக் கொடுத்ததில்லை. பார்த்துக்கொண்டே இருப்பார். வேறு எங்கேயும் பார்க்க மாட்டார். சொல் வந்ததும், நடுவில் ஒன்றுமே நடக்காதது மாதிரி பதில் சொல்வார்.

அக்காவுக்குப் புற்றுநோய் வந்த பிறகு ஒரு நாள் மர்பி டவுன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். "இனிமே கூட்டத்த நீ நடத்துப்பா. உங்கிட்ட வுட்டாத்தான் எனக்கு ஆராமா, நிம்மதியா இருக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு பேர் முன்னால் நின்று நான் பேசுவதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது. வேறு யாரும் முன்வரவும் இல்லை. கூட்டம் தன்னோடு போய்விடுமோ என்பது ஒன்றுதான் அப்போது அவருக்கிருந்த கவலை என்று சாம்சன் வாசலில் வைத்துச் சொன்னார்.

நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். அடுத்து யார் பேசுவது, யார் மாடிச் சாவி வாங்குவது, யார் பப்ஸ் வாங்குவது என்று அவரவரே பெயர் கொடுத்துக்கொள்ளும் ஒரு பக்கத்தைச் செய்தேன். கூட்டம் தானே நடந்துகொள்ளும், யாரும் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சனிக்கிழமை கொண்டுபோனேன்.

சாம்சன் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா மாடியேறி வந்திருந்தார். அதுதான் அவர் வந்த கடைசிக் கூட்டம். மருந்து ஏறி ஏறி விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. புது ஆள் யார் என்று நான் கேட்டதும் அவரே கையை நீட்டினார்.

"இந்த வெரலோட இன்னிக்கித்தான் வரேன். அப்போ நான்தான் புது ஆளு. குடு."

கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் பொத்தானை அழுத்தினார், படவில்லை. மறுபடி அழுத்தினார், வேறெங்கோ போய்விட்டது. திரும்பி வந்து மறுபடி அழுத்தினார். கொஞ்சம் மேலே, அக்கா, கொஞ்சம் மேலே என்று தொண்டை வரை வந்துவிட்டது. சாம்சன் பாதி எழுந்தார். "நீங்க உக்காருங்க" என்றார் அக்கா, தலையைத் தூக்காமலே. கடைசியில் விரலை மடக்கிக் கணுவால் அழுத்தினார். பட்டது.

"பொத்தான பெருசா வை" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ நேரம் வாய மூடிக்கினு நின்ன பாரு, கூட்டம் நடத்த அவ்ளோதான்பா வேணும். பேசறதுக்குத்தான் ஊருல ஆயிரம் பேரு கீறாங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சரி என்று தலையாட்டினேன். அக்கா உடனே சாம்சனிடம் திரும்பி, பப்ஸ் ஆறிவிடப்போகிறது என்றார்.

அவர் போன பிறகு சென்ற சனிக்கிழமை கூடினோம். நீங்களெல்லாம் இருந்தீர்கள். தொடங்கிவைக்க எழுந்து நின்றேன். இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர் என்று சொல்லி, அவர் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு உதடு பூட்டிக்கொண்டது. அந்தப் பெயரின் முதல் எழுத்து எனக்கு எப்போதும் கஷ்டம். அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்த பெயர். எடுத்துக் கொடுக்க ஒரு நொடி ஆகாது. யாரும் கொடுக்கவில்லை. வரிசை வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று கேட்டால் உங்களைத்தான் காட்டுவேன்.

அவர் பெயரை முழுதாக நானே சொன்னேன்.