சாவி தப்பு

எழுபதுகளின் நடுவில், எமர்ஜென்சி நாட்களில் நடந்தது இது. பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற வழியில் ஒரு சின்ன மருத்துவமனையில் நான் டாக்டராக இருந்தேன். பெயர் வேண்டாம், எதற்கு வம்பு? சுற்றிலும் நெல் வயல். அதற்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதுக் கம்பெனிகளின் தகரக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. நேற்றுவரை நாற்று நட்டவர்கள் சங்குச் சத்தத்துக்கு ஷிப்டு போகப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வீடு மட்டும் அதே வயலோரக் குடிசைதான், படுக்கை அதே மண் தரைதான்.

வாரத்தில் ஒரு நாள் பாசஞ்சர் ரயில் பிடித்து மெட்ராஸ் போவேன். என்னுடைய பழைய பேராசிரியர் என்னை ஒரு வேலையில் இழுத்துப் போட்டிருந்தார். ஸ்பெஷலிஸ்ட் படிப்புக்கு டாக்டர்களைத் தேர்ந்தெடுக்கும் நுழைவுத் தேர்வை அப்போதுதான் புது முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கேள்வி, கீழே நாலு பதில், சரியானதற்கு டிக். பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிப் பாஸானவர்களுக்கு இதைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். லாட்டரிச் சீட்டு என்று கிண்டல் செய்வார்கள். இந்தக் கேள்விகள் தேறுமா தேறாதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை.

வேலை என்னவோ லேசானதுதான், ஆனால் கண் போய்விடும். ஹவுஸ் சர்ஜன்களை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்போம். விடைத்தாள்களை மார்க்குப்படி பிரித்து, நன்றாக எழுதியவர்களை ஒரு கட்டாகவும் கடைசியில் வந்தவர்களை ஒரு கட்டாகவும் கட்டுவோம். பிறகு ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, எந்தக் கட்டில் அதிகம் பேர் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். முதல் கட்டுக்காரர்கள் சரியாகவும் கடைசிக் கட்டுக்காரர்கள் தப்பாகவும் போட்டிருந்தால் அது நல்ல கேள்வி. எல்லோருமே சரியாகப் போட்டிருந்தால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பேராசிரியருக்குத் தமிழ்ப் பற்று கொஞ்சம் ஜாஸ்தி. சரியான விடைகள் எழுதிய தாளை ஊரெல்லாம் 'கீ' என்று சொன்னால் அவர் மட்டும் 'சாவி' என்பார். "அந்தச் சாவியை எடும்மா", "சாவியோட ஒத்துப் பாரு" என்று சொல்லிச் சொல்லி எங்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

ஒரு கேள்வி மட்டும் தலைகீழாக நின்றது. காலையில் நினைவில்லாமல் கிடக்கும் ஒரு ஆள். இதயம் துடிக்கிறது, ஆனால் தானாக மூச்சு இல்லை. கிள்ளினாலும் அசைவில்லை. கண்மணி விரிந்து கிடக்கிறது, டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. இவர் நிலைமை என்ன? சாவிப்படி சரியான விடை, மூளை செத்துவிட்டது, இனிமேல் எதைச் செய்தாலும் வீண் என்பது. கடைசிக் கட்டு மொத்தமும் அதைத்தான் டிக் அடித்திருந்தது. முதல் கட்டில் இருந்தவர்களோ, காரணம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது என்ற பதிலைப் போட்டுத் தப்பாகியிருந்தார்கள்.

கேள்வியை எழுதியவர் ரொம்பப் பெரிய டாக்டர். பசங்கள் குழம்பிவிட்டார்கள், கேள்வி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணு கேள்வி தப்பா இருக்கணும், இல்லே சாவி தப்பா இருக்கணும். அடுத்த வாரம் வந்து சொல்லும்மா. வெளியே மூச்சு விடக் கூடாது" என்றார். ரயிலில் திரும்பும்போதும் அதே யோசனைதான். உண்மையைச் சொன்னால், பெரியவர் எழுதின சாவிதான் சரி என்று எனக்கும் பட்டது.

அந்த வாரமே ஒரு காலைநேரம், கம்பெனி வேன் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. ஷிப்டு முடிந்து வந்த ஆட்களோடு ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. புருஷன் அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், கையெல்லாம் கிரீஸ்.

"விடியக்காலம் வயித்தெ வலிக்குதுன்னா டாக்டரம்மா. சோடா வாங்கியாந்து குடுத்தேன். அப்பால பேச்சு கொழறுது, கண்ணு தானா மூடிக்கினு போவுது. இன்னான்னே தெர்ல" என்று அழுதார்.

மூச்சு ஏறக்குறைய நின்றிருந்தது. எங்களிடம் மயக்க மருந்து கொடுக்கும் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார், அவர் ஓடிவந்து தொண்டையில் குழாயைச் செருகி, காற்றுப் பையை மாட்டி அமுக்கத் தொடங்கினார். மூச்சு இயந்திரம் எல்லாம் அப்போது எங்களைப் போன்ற இடங்களில் ஏது? பையைக் கையால் அமுக்கினால் மூச்சு உண்டு, விட்டால் இல்லை.

எங்கே படுத்திருந்தாள் என்று கேட்டேன். தரையில், பாயில் என்றார் புருஷன். உடம்பு முழுக்கத் தேடினேன். ஒரு கீறல்கூட இல்லை. கட்டுவிரியன் அப்படித்தான், தூக்கத்தில் கடித்தால் வலியும் தெரியாது, தடமும் தெரியாது. வயிற்று வலியும் கண் இமை தொங்குவதும்தான் அடையாளம். சந்தேகத்தின் பேரில் விஷமுறிவு மருந்தை ஏற்றினோம். மத்தியானம்வரை ஒரு மாற்றமும் இல்லை.

அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நல்ல வெயில். வெளி நோயாளிகள் எல்லாம் போய்விட்டார்கள். வார்டில் பை அமுங்குகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. நான் அவள் இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். கண்மணி விரிந்து, கறுத்து, அப்படியே நின்றது. நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தினேன். அசைவில்லை. தேர்வுத் தாளில் படித்த அந்த ஆளைப் போலவே, வரிக்கு வரி, அவள் என் எதிரில் படுத்திருந்தாள்.

இளம் டாக்டரும் பார்த்தார். அவர் அந்த வருஷம் ஸ்பெஷலிஸ்ட் தேர்வு எழுத உட்கார இருந்தவர். கக்கத்தில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். நல்ல பையன்தான், இரக்கமில்லாதவர் கிடையாது. "பியூப்பில் நகரவே இல்லே மேடம். மூளை போயிடுச்சு. எந்தப் பரீட்சையில கேட்டாலும் இதுக்கு ஒரே ஆன்சர்தான். போதும் மேடம், நிறுத்திடலாம்" என்றார்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்திடலாம் என்று சொன்னதும் என் விரலுக்கு அடியில் நாடி ஓடத் தொடங்கியது. அதுவரை சீராக இருந்த நாடி, துரத்தப்பட்ட ஆட்டுக்குட்டி மாதிரி ஓடியது. முகத்தைப் பார்த்தேன். மெழுகு பூசியது போல ஒரு சலனமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நாடி தானாக அடங்கியது. என் விரலே துடித்திருக்கும், பயத்தில் அப்படித் தோன்றியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மறுநாள் குடும்பக் கட்டுப்பாடு கேம்ப். அந்த நாட்களில் கேம்ப் என்றால், இத்தனை ஆபரேஷன் நடந்தே ஆக வேண்டும் என்று மேலிடத்தில் என்ன கெடுபிடி என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். ஆபரேஷனில் யாருக்காவது மூச்சு நின்றால், எங்களிடம் இருந்ததோ அந்த ஒரே பை. "செத்தவங்களுக்கு அமுக்கிட்டு இருந்தா, நாளைக்கு உயிரோட வர்றவங்களுக்கு என்ன மேடம் பண்றது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

அப்போது புருஷன் உள்ளே வந்தார். அழுது முடித்துவிட்ட முகம். என் பக்கத்தில் குனிந்து, அவளுக்குக் கேட்டுவிடப் போகிறது என்பது போலக் கிசுகிசுப்பாக, "டாக்டரம்மா, பொட்டிக்கு சொல்லிட்டு வந்துர்ட்டா? சாயங்காலம் ஆச்சுன்னா கடைய மூடிக்கினு பூடுவான்" என்றார். சவப்பெட்டியைத்தான் சொன்னார்.

நாடி மறுபடியும் ஓடியது.

இந்தத் தடவை என் விரல் இல்லை. கையை மாற்றி, கழுத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் தடதடவென்று ஓடியது. அந்தக் கறுத்த கண்ணுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள், இருந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும், மனம்விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கட்டிலைவிட்டு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அந்த முதல் கட்டு ஞாபகத்துக்கு வந்தது. காரணம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. விஷம் கண்மணியையும் கட்டிப் போட்டிருந்தால்? உடம்பில் ஒவ்வொரு தசையையும் கட்டிப் போட்டுவிட்டு மூளையை மட்டும் விட்டுவைத்திருந்தால்? இதை அந்த இளம் டாக்டரிடம் விளக்கலாம் என்றால் கேள்வியைச் சொல்ல வேண்டியிருக்கும். தேர்வு எழுதப் போகிறவரிடம் எப்படிச் சொல்வது? நான் பாட்டுக்கு எனக்குள்ளேயே, "சாவி தப்பு... சாவிதான் தப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எந்தச் சாவி மேடம்? தியேட்டர் சாவின்னா நர்ஸ்கிட்ட இருக்கு" என்றார் அவர். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"பையை நிறுத்தக் கூடாது. பெட்டிக்கும் சொல்ல வேண்டாம்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் கை நிற்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவரை நான் வாழ்த்துகிறேன்.

கம்பெனி ஆட்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தோம். நீங்கள் மூச்சு இழுக்கும்போது அமுக்குங்கள், விடும்போது விடுங்கள், அவ்வளவுதான். ஷிப்டு போட்டுப் பழகியவர்கள், அதையும் ஷிப்டு போட்டே செய்தார்கள். ராத்திரி பகல் என்று பாராமல் கை மாறி மாறிப் பை அமுங்கியது. கேம்ப் தள்ளிப் போனது. ஏன் என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, அவள் கால் பெருவிரல் அசைந்தது என்று புருஷன் கத்திக்கொண்டு ஓடிவந்தார். பிறகு இமை. பிறகு கழுத்து. மூச்சு தானாக வந்ததும் குழாயை எடுத்தார்கள். அன்றைக்கு நான் மெமோ விஷயமாக மேலதிகாரி ஆபீசுக்குப் போயிருந்தேன். குழாய் இருந்தவரை அவள் தானாகக் கண் திறந்து நான் பார்த்ததில்லை. நான் இமையைத் தூக்கியபோதும் டார்ச் வெளிச்சத்தில் என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் வார்டுக்குள் நுழையும்போது வாசலில் நர்ஸிடம் ஏதோ ஊசி மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் சட்டென்று தலையைத் திருப்பினாள். என்னையே வெறித்துப் பார்த்தாள். குழாய் போட்ட தொண்டையல்லவா, குரல் கரகரத்தது.

"நீங்கதான... சாவி தப்பு, சாவி தப்புன்னு சொன்னவங்க?"

கையில் இருந்த டார்ச்சை நான் நழுவவிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நெஞ்செலும்பில் நான் அழுத்தியது எப்படி வலித்தது என்றாள். நிறுத்திடலாம் என்ற குரல் யாருடையது என்று அந்த இளம் டாக்டரைக் கையால் காட்டினாள். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "பொட்டிக்கு சொல்லவான்னு இந்த ஆளு கேட்டுச்சே, அத்தயும் கேட்டேன்" என்று புருஷனைப் பார்த்தாள். அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு என்னிடம் சொன்னாள்: "என்ன உள்ள வெச்சி பூட்டிட்டாங்கன்னு நெனச்சேம்மா. ஒரே இருட்டு. நீங்கள்லாம் வெளிய நின்னுக்கினு கீறீங்க. சாவி தப்பு, சாவி தப்புன்றீங்க. வேற சாவி எட்த்தாங்க, வேற சாவி எட்த்தாங்கன்னு நான் உள்ளேர்ந்து கத்துறேன், கத்துறேன்... ஒருத்தர் காதுலயும் உழல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு டாக்டர் வார்டில் அழக் கூடாது என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

அடுத்த வாரம் மெட்ராஸில் நடந்ததைச் சொன்னேன். பெரிய டாக்டரும் அங்கே இருந்தார். "கேள்வியைத் தூக்க வேண்டாம். சாவியை மாத்துங்க" என்று அவரே சொன்னார். அந்த வருஷத்துத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் இளம் டாக்டரும் எழுதினார். அவர் எதை டிக் அடித்தார் என்று நான் கேட்கவில்லை, ஆனால் அவள் பேசிய நாளிலிருந்து மயக்கத்தில் இருப்பவர்கள் தலைமாட்டில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கேள்விக் குழுக்களில் உட்கார்ந்தேன், எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது சொந்தக்காரர்கள் யாராவது நினைவில்லாமல் கிடக்கிறார்கள் என்று பார்க்கப் போனால், வெளியே நிற்பவர்கள் 'அவருக்கு ஒன்றும் தெரியாது' என்றுதான் சொல்கிறார்கள். நான் மட்டும் கட்டிலருகில் போய், காதுப் பக்கம் குனிந்து, இன்னார் வந்திருக்கிறேன், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன், ஏனென்றால் உள்ளே ஒருவர் கத்திக்கொண்டிருக்க மாட்டார் என்று என்னால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.