ஏழரை பூட்டிய குளம்

நீச்சல் குளத்தில் வேலை பார்த்தவர்கள் அவளை ஏழரை என்றுதான் கூப்பிட்டார்கள். தண்ணீரின் அமில, கார அளவைக் காட்டும் பிஎச் எண் ஏழரையைத் தாண்டினால் தாம்தூம் என்று குதிப்பாள் என்பது ஒரு காரணம். எங்கே நின்றாலும் ஒரு வில்லங்கத்தைக் கூட்டிவிடுவாள் என்பது இன்னொன்று. இரண்டையும் அவள் மறுத்ததில்லை.

உடை மாற்றும் அறைகளைக் கழுவத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். தண்ணீரைச் சோதிக்க வேறொருவர் இருந்தார். வாரத்துக்கு ஒருநாள் தலைகாட்டி, ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எண்களை எழுதிவிட்டுப் போவார். ஒருநாள் யாரோ தவறவிட்ட மோதிரத்தை எடுக்கக் குளத்தில் மூழ்கியவள், கண்ணைத் திறக்க முடியாமல் தட்டுத்தடுமாறி மேலே வந்தாள். இரண்டு நாளைக்குக் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடந்தது. பிள்ளைகள் தினமும் இதில்தானே புரளுகிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியில் தூசி மண்டிக் கிடந்த சோதனைப் பெட்டியை எடுத்து, மூடியில் ஒட்டியிருந்த குறிப்பை வரிவரியாகப் படித்தாள்.

சின்னக் குழாயில் குளத்துத் தண்ணீர், அதில் ஐந்து சொட்டு மருந்து. மஞ்சளானால் அமிலம் கூடியிருக்கிறது. கத்தரிப்பூ நிறத்துக்குப் போனால் காரம் கூடியிருக்கிறது. நடுவில் செம்மஞ்சளாக நின்றால் நல்ல தண்ணீர். மிச்சத்தைப் பத்தாவது படிக்கும் மகள் சொல்லிக் கொடுத்தாள். ஏழு என்றால் இரண்டு பக்கமும் சாயாத நிலை. நம் கண்ணீர் ஏழுக்குச் சற்று மேலே இருக்கிறது, குளமும் அதை ஒட்டியே இருந்தால் கண் முரண்டு பிடிக்காது. பிறகு போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னாள்: ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு ஏறும். அதைக் கேட்டவள் அடுப்பில் வைத்ததை மறந்து நின்றுவிட்டாள்.

சோதனைக்காரர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. வேலையும் குளத்துச் சாவியும் அவள் தலையில் விழுந்தன. பதவி மட்டும் கழுவும் வேலையாகவே இருந்தது. காலையும் மாலையும் குழாயைத் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தாள். பதிவேட்டில் பார்த்ததைத்தான் எழுதினாள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி நடக்கவிருந்த நாள் அது. காலை ஆறு மணிக்கு வந்தபோது தண்ணீர் கண்ணாடி போலப் பளபளத்தது. அடியில் ஓடும் கறுப்புக் கோடுகள் கையால் தொட்டுவிடலாம் போல இருந்தன. குழாயில் மருந்தை விட்டாள். பளிச்சென்று மஞ்சள். பெட்டியின் அட்டையில் ஆறே முக்காலுக்குக் கீழே நிறமே கிடையாது. சோதனைத் தாளை எடுத்து நனைத்தாள். அது ஐந்து காட்டியது. காவல்காரரைக் கேட்டாள். தண்ணீர் மின்ன வேண்டும், அமிலத்தை ஊற்று என்று மேலாளர் சொன்னதால், முந்தின நாள் சாயங்காலம் அவள் போன பிறகு இரண்டு பெரிய கேன் அமிலத்தை அப்படியே கவிழ்த்ததாக அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவள் குளத்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எட்டு மணிக்கு மேலாளர் வந்தார். பின்னாலேயே பிள்ளைகளை ஏற்றிய பேருந்துகளும் வந்து நின்றன. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் கடுத்தது.

"ஏழு இருக்கணும், அஞ்சு இருக்கு. ரெண்டுதானே குறையுது? இதுக்குப் போய் பூட்டுவியா?"

"ரெண்டு இல்ல சார், நூறு மடங்கு. ஒரு எண்ணுக்குப் பத்து, இன்னொரு எண்ணுக்கு மறுபடியும் பத்து."

கழுவ வந்தவளுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டார். வேலை போய்விடும் என்றார். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கம்பி வேலி வழியாகக் கையை நீட்டிக் காட்டினார். அமிலத்துக்கு நிறம் கிடையாது என்று அவள் பதில் சொன்னாள்.

"சாவி தரேன் சார். முதல்ல நீங்க இறங்குங்க. கண்ணைத் திறந்துக்கிட்டு அந்தக் கரை வரைக்கும் போயிட்டு வாங்க. அப்புறம் பிள்ளைங்க இறங்கட்டும்."

மேலாளருக்கு நீச்சல் தெரியாது. அது அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். யாரோ அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார்கள்.

பிள்ளைகளோடு வந்த பயிற்சியாளர் அம்மா, நான் பார்க்கிறேன் என்றார். ஏழரை அவரை மட்டும் உள்ளே விட்டாள். அவர் முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்திக் கண்ணைத் திறந்தார். நாலு நொடிகூடத் தாங்கவில்லை. ஏழரை கொடுத்த நல்ல தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு, தன் பிள்ளைகள் இன்று இறங்கமாட்டார்கள் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். போட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

அன்று முழுக்க ஏழரை சலவை சோடாவை வாளி வாளியாகக் கரைத்தாள். காரத்தையும் அவசரப்பட்டுக் கொட்டினால் தண்ணீர் பால் போலக் கலங்கும் என்பதால், மோட்டாரை ஓடவிட்டு, சுற்றிச் சுற்றி நடந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நாற்பது கிலோ கரைந்தது. காவல்காரர் கேட்காமலேயே வாளி தூக்கினார். மறுநாள் காலை குழாயில் செம்மஞ்சள் வந்து நின்றது. பிள்ளைகள் இரைச்சலோடு குதித்தார்கள்.

அடுத்த வாரம் மேலாளர் ஒரு நோட்டீஸ் நீட்டினார். மேலதிகாரியின் உத்தரவை மீறியதாக அதில் இருந்தது. அவள் மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாள். ஆனால் கையெழுத்துக்குக் கீழே, நேரம் காலை ஆறு பத்து, பிஎச் ஐந்து, இரண்டு கேன் அமிலம், ஊற்றச் சொன்னவர் மேலாளர் என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அழிக்கச் சொன்னார். பார்த்ததை அழிக்கும் பழக்கம் தனக்கு இல்லை என்றாள்.

கையெழுத்தான நோட்டீஸை மேலே அனுப்பியே தீரவேண்டும் என்பதால், அந்தத் தாள் அப்படியே தலைமை அலுவலகத்துக்குப் போனது. விசாரிக்க வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள். காவல்காரர் நடந்ததைச் சொன்னார். பயிற்சியாளர் அம்மா கடிதமே எழுதிக் கொடுத்தார். மேலாளர் தப்பித்துக்கொண்டார், அவரை இடம்கூட மாற்றவில்லை. ஆனால் தண்ணீரில் எதைக் கலக்கவும் ஏழரையின் கையெழுத்து வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே அவளுக்குப் புதிய பதவியும் வந்தது: தண்ணீர்ச் சோதனை உதவியாளர்.

அவள் அதைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள்.

"யாருக்கு உதவியாளர்? இங்க சோதிக்கிறது நான் ஒருத்திதான்."

மூன்று வாரம் கழித்து உத்தரவு திருத்தப்பட்டு வந்தது: தண்ணீர்ச் சோதனையாளர்.