குகதாசன் கேட்காத கேள்வி

லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் பகுதியில் கார் ஓட்டப் பழகிய தமிழர்களில் பாதிப் பேர் என் கணவர் குகதாசனின் பிரேக்கால் உயிர் தப்பியவர்கள். பத்தொன்பது வருடமாக டிரைவிங் பழக்குகிறார். பழகுபவர் வலப்பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து வியர்த்துக்கொண்டிருக்க, இவர் இடப்பக்கத்தில், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்குடன் சாந்தமாக இருப்பார். கோபமே வராது. ஆனால் முதல் பாடத்தில், சீட் பெல்ட் போடுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்.

"ஊரில எவடம்?"

பதில் எதுவானாலும் அடுத்தது, "அதில எந்தப் பக்கம்?" மூன்றாவது, "ஆற்றை பிள்ளை?", அதாவது யாருடைய பிள்ளை என்று. இந்த மூன்றுக்குள் எப்படியாவது ஒரு பெரியம்மாவையோ மச்சானையோ பிடித்துவிடுவார். "அட, அப்ப நீங்கள் எங்களுக்குச் சொந்தமெல்லோ" என்று சொன்ன பிறகுதான் கார் நகரும். சிலர் இதே கேள்வியை சாதிக் கணக்குப் பார்க்கக் கேட்பார்கள். இவர் அந்த ரகமில்லை. எந்த ஊரைச் சொன்னாலும் இவருக்கு ஒரே சந்தோசம்தான்.

அந்தக் கேள்வியில் இவருக்கு இவ்வளவு பிடிப்பு ஏன் என்றும் எனக்குத் தெரியும். தொண்ணூற்றெட்டில் லண்டனில் வந்து இறங்கியபோது கையிலிருந்த முகவரித் துண்டைத் தொலைத்துவிட்டாராம். டூட்டிங்கில் ஒரு கடையில் மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு நின்ற ஒருவரிடம் போய் இதைக் கேட்டிருக்கிறார். படுக்க ஓர் இடமும் அடுத்த கிழமை ஒரு வேலையும் அதனால் கிடைத்தன. மறு வருடம் அதே கடையில், அப்பளம் அடுக்கியிருந்த தட்டுக்குப் பக்கத்தில் நின்ற என்னிடமும் கேட்டார். நான் "அளவெட்டி" என்றேன். அதற்குப் பிறகு நடந்ததற்கு எங்கள் மகள் கோசிகா சாட்சி.

கலியாணத்துக்குப் பிறகுதான் அந்தக் கேள்வியின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. பாரிசுக்கு நான்கு தரம் போயிருக்கிறோம். ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன், அதுவும் சித்தப்பா வீட்டிலிருந்து மாமி வீட்டுக்குப் போகிற வழியில். ஜெர்மனியில் நான் பார்த்ததெல்லாம் மூன்று சோபாக்களும் ஒரு கலியாண வீடியோவும். மற்றக் கோடைகளில் அவர்கள் இங்கே வருவார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வந்து, வீட்டில் பதினொரு பேருக்கு இடியப்பம் பிழிவேன். சொந்தக்காரர்மேல் எனக்கு வெறுப்பில்லை. களைத்துப்போனேன், அவ்வளவுதான்.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று இவர் கேட்டபோது அதனால்தான் யோசிக்காமல் சொன்னேன்.

"பத்து நாள். ஒருத்தற்றை வீட்டையும் போகக்கூடாது. ஒருத்தரையும் ஊர் எவடமெண்டு கேக்கக்கூடாது."

இவருக்கு முகம் விழுந்துவிட்டது. "போகாமல் விடலாம். கேக்கிறதில என்ன பிழை?"

"கேட்டால் போகவேண்டி வரும்."

கடைசியில் நல்லூர் முருகன்மேல் சத்தியம் பண்ணினார்.

நோர்வே கோசிகாவின் யோசனை. பேர்கனுக்கு விமானம், அங்கே வாடகைக்கு ஒரு கேம்பர்வான். "படுக்கை, அடுப்பு எல்லாம் வானுக்குள்ளேயே இருக்கு அம்மா. ஆற்றை வீடும் தேவையில்லை." நோர்வேயிலும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்ற சங்கதியை மட்டும் நாங்கள் மூவருமே வாய் திறந்து சொல்லவில்லை.

அந்த நாட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம். இவர் பத்தொன்பது வருடம் இருந்து பழகிய பக்கம். முதல் வளைவிலேயே பழக்கதோசத்தில் வலப்பக்கம் கையை நீட்டி, ஸ்டியரிங் என்று நினைத்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார். பின்னால் இருந்த கோசிகா சிரித்து முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. கடல் மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் ஃபியோர்டுகள், உச்சியிலிருந்து விழும் அருவிகள், கூரையில் புல் முளைத்த வீடுகள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, இவருக்குப் பிடித்ததென்னவோ ஒரு சுரங்கப்பாதைதான். மலையைக் குடைந்து, அதற்குள்ளே ஒரு ரவுண்டபவுட் வைத்திருக்கிறார்கள். இவர் அதை மூன்று தரம் சுற்றினார். "மிச்சத்தில வெளிச்சத்திலேயே எங்கட ஆக்களுக்கு இது ஓடாது" என்றார்.

மூன்று நாள் நான் ஒருவருக்கும் விருந்தாளியுமில்லை, ஒருவருக்கும் விருந்து வைக்கவுமில்லை. பாண், முட்டைப் பொரியல், தேநீர். சமையல் பத்து நிமிடத்தில் முடிந்தது. மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குக் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது.

நான்காம் நாள் ஒரு சின்னப் பட்டணத்தில் மீன் வாங்கிவர இவரைக் கடைக்குள் அனுப்பினேன். நானே போயிருக்க வேண்டும். கால் மணித்தியாலம் கழித்து ஒரு மனிதரின் தோளில் கை போட்டபடி வெளியே வந்தார்.

"இஞ்சரும், இவர் வைத்தியநாதன் அண்ணை. எங்கட பெரியம்மாவின்ரை மருமகன்ரை தம்பி."

"வீடு பக்கத்திலதான் தங்கச்சி," என்றார் வைத்தியநாதன். "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அந்தத் தேத்தண்ணி ஐந்து மணித்தியாலம் ஓடியது. அவர் மனைவி பாவம், திடீரென்று வந்த மூன்று பேருக்குப் புட்டு அவித்தார். நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன். அவர்களுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டின் அல்பம் இரண்டையும் பார்த்தோம். யன்னலுக்கு வெளியே நாங்கள் அன்றைக்கு ஏறவிருந்த மலை இருந்தது.

திரும்பி வந்து வான் கதவை அடித்துச் சாத்தினேன். கோசிகாதான் முதலில் பேசினாள். "அப்பா, நீங்கள் ப்ராமிஸ் பண்ணினீங்கள்."

"வாய் தவறி வந்திட்டுது பிள்ளை."

"எனக்கு அம்பது வயசாகப் போகுது," என்றேன். "இருபத்துமூண்டு வருசத்தில உங்களிட்டை நான் கேட்டது இது ஒண்டுதான்." அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன்.

அன்றிலிருந்து இவர் அடங்கிப்போனார். பெற்றோல் நிரப்பும் இடத்தில் கறுத்த தலை ஒன்று தெரிந்தாலும் குனிந்து தன் சப்பாத்தைப் பார்ப்பார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இரங்கவில்லை.

எட்டாம் நாள் என் பிறந்தநாள். முதல் நாள் இரவே மலைக்கு மேலே ஒரு ஏரிக்கரையில் வானை நிறுத்தியிருந்தோம். கோசிகா இன்னும் எழும்பவில்லை. இவர் வாளியோடு தண்ணீருக்குப் போயிருந்தார். பக்கத்து வானிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"அக்கா, கொஞ்சம் சீனி இருக்கோ?"

சீனி கொடுத்தேன். தேநீரும் ஊற்றிக் கொடுத்தேன். பெயர் அஜித்தா என்றாள். தனியாகவா வந்தாய் என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. வீட்டில கனடாவில இருந்து எட்டுப் பேர் வந்து நிக்கினம். எனக்கு ரெண்டு நாள் ட்ரெயினிங் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். என்ரை மனிசனுக்கு மட்டும் உண்மை தெரியும்."

இருவரும் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. அதற்குப் பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என் ஊரைக் கேட்கவில்லை, நானும் அவள் ஊரைக் கேட்கவில்லை. அப்படி ஒரு தமிழ்ப் பெண்ணோடு இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அப்போது இவர் வாளியோடு வந்தார். அஜித்தாவைக் கண்டார். வாய் திறந்தது. முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தண்ணி," என்றார். "தண்ணி சரியான குளிர்."

புல்லில் உட்கார்ந்தார். காலநிலை பேசினார். பனிக்காலத்து டயர் பற்றி விசாரித்தார். சுரங்கத்துக்குள் இருக்கும் ரவுண்டபவுட்டை விவரித்தார். ஒரு மணித்தியாலம் அந்தக் குளிரில் அவருக்கு நெற்றி வியர்த்தது, முதல் பாடத்துக்கு வந்தவருக்கு வியர்ப்பது போல. நான் கீழே பார்த்தேன். இவருடைய வலது கால் புல்லை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார்.

அஜித்தா கைகாட்டிவிட்டு வானை எடுத்துக்கொண்டு போனாள். மலை வளைவில் அது மறையும்வரை இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பேச்சைப் பாத்தால் எங்கட பக்கத்துப் பிள்ளை மாதிரித்தான் இருந்தது," என்றார் மெதுவாக. "பரவாயில்லை. நீர் சந்தோசமா இருந்தால் சரி."

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னட்டைக் கேளுங்கோ," என்றேன்.

"என்னத்தை?"

"அதைத்தான். ஒருக்காக் கேளுங்கோ."

என் பக்கம் திரும்பினார். காற்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். தொண்டையைச் செருமினார். அப்பளத் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற அன்றைக்குப் போலவே, நீர் என்று சொல்லாமல் மரியாதையாகக் கேட்டார்.

"நீங்கள் ஊரில எவடம்?"

"அளவெட்டி," என்றேன்.

"அட," என்றார் குகதாசன். "அப்ப நீங்கள் எங்களுக்குச் சொந்தமெல்லோ."